வரையக் கூப்பிடுகிறார்கள், எழுதியவரோ வேண்டாம் என்கிறார்

கோவையில் இருந்து ஓர் ஓவியர் எழுதியிருக்கிறார். வயது 34. பத்து ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் காமிக்ஸ் நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார். முதலில் கலரிங், அப்புறம் இங்கிங் (பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டுவது), இப்போதுதான் முழுப் பக்கங்களும் வரையும் வாய்ப்பு வரத் தொடங்கியிருக்கிறது. அப்பா ட்ரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் இதழ்களில் இரும்புக்கை மாயாவியைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர்.

போன மாதம் அவருடைய ஏஜெண்ட் மூலம் ஒரு வேலை வந்திருக்கிறது. 1980-களில் வெளிவந்து, இன்றும் எல்லோரும் கொண்டாடும் ஓர் ஆங்கிலத் தொடருக்கு முன்கதை, அதாவது அந்தக் கதைக்கு முன்பு நடந்ததைச் சொல்லும் புதிய கதை. ஆறு இதழ்கள். பக்கத்துக்கு அவர் இதுவரை வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் மூலத் தொடரை எழுதியவர் உயிரோடு இருக்கிறார். இதைத் தொடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கூட இருந்து வரைந்த ஓவியர் எதிர்க்கவில்லை.

"எழுதியவர் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டா? அன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்தானே, இப்போது தடுக்க அவர் யார்? வாட்ச்மென் காமிக்ஸுக்கு முன்கதைகள் வந்தபோது அதை எழுதிய ஆலன் மூர் அவ்வளவு கோபப்பட்டார். அவரே அடுத்தவர்களின் பாத்திரங்களை எடுத்து எழுதியவர்தானே? நான் மறுத்தால் இன்னொருவர் வரையத்தான் போகிறார். இருந்தும் கை ஓடவில்லை" என்கிறார். கடைசிப் பத்தியில், போகிற போக்கில், இன்னொரு செய்தி. அவரே எழுதி வரைந்த நான்கு பாகக் கதை ஒன்றை இங்குள்ள ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. ஒப்பந்தம் மூன்றே பக்கம். "அது பெரிய விஷயம் இல்லை, கையெழுத்துப் போட்டுவிடலாம் அல்லவா?"

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். எந்தத் தொடர் என்று நீங்கள் எழுதவில்லை. நல்லது, எழுதவும் வேண்டாம். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நீங்களே பேச்சை எடுத்த வாட்ச்மெனை வைத்தே பேசுவோம். இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அதில் இருக்கின்றன.

சட்டப்படி யாரிடம் கேட்க வேண்டும்?

உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம். எழுதியவரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. பதிப்புரிமை என்பது பொதுவாகப் படைத்தவரிடம் பிறந்து, எழுத்துமூலம் கைமாறக்கூடிய சொத்து. தொடர்கதை, முன்கதை, சினிமா என்று அந்தப் படைப்பில் இருந்து புதிய படைப்பு செய்யும் உரிமையும் அதில் அடக்கம். நிறுவனத்திடம் அந்த உரிமை முழுதாகப் போயிருந்தால், எழுதியவர் வேண்டாம் என்றாலும் நிறுவனம் செய்யலாம்.

அப்படித்தான் 2012-ல் நடந்தது. மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87-ல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது வாட்ச்மென். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அதன் பாத்திரங்களின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் வரிசையை, மூலத்தை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமான டிசி காமிக்ஸ் அறிவித்தது. மூர் அதை வெட்கமற்ற செயல் என்றார்; எனக்குப் பணம் வேண்டாம், இது நடக்காமல் இருந்தால் போதும் என்றார். ஆனாலும் புத்தகங்கள் வந்தன. தடுக்க அவர் கையில் சட்டம் இல்லை.

படைப்பாளியின் பெயரையும் படைப்பின் மானத்தையும் காக்கும் 'தார்மிக உரிமை' இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அது மிகக் குறுகியது. 1990-ல் அவர்கள் கொண்டுவந்த சட்டம் ஓவியம், சிற்பம் போன்றவற்றின் ஒற்றைப் பிரதிகளுக்கும், கையெழுத்திட்டு எண்ணிட்ட 200 பிரதிகள் வரையிலான பதிப்புகளுக்கும்தான் பொருந்தும். புத்தகமும் இதழும் அதற்கு வெளியே. நம் நாட்டில் நிலைமை மேல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 57, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் படைப்பாளிக்கு இரண்டைத் தக்கவைக்கிறது: இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை, தன் மதிப்புக்குப் பங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது.

ஆனால் கவனியுங்கள், சிற்பத்தை உடைப்பதும் முன்கதை எழுதுவதும் ஒன்றல்ல. முன்கதை தனிப் புத்தகம்; மூலத்தில் ஒரு வரியைக்கூட அது தொடவில்லை. இந்தியாவிலேயே இந்தச் சண்டை நடந்தாலும் பிரிவு 57-ஐ வைத்து முன்கதையைத் தடுப்பது கடினமான வாதமாகவே இருக்கும். உங்கள் வேலைக்கோ பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம்தான் பொருந்தும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'இந்த ஒப்பந்தம் இன்ன மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுதியவர் கையில் இன்னும் ஏதாவது இருக்கலாம். அமெரிக்காவில் 1978-க்குப் பிறகு உரிமையை எழுதிக் கொடுத்த படைப்பாளி, 35 ஆண்டுகள் கழித்து முறைப்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். கூலிக்குச் செய்த வேலை, அதாவது தொடக்கத்தில் இருந்தே நிறுவனத்தின் சொத்து என்ற வகையில் எழுதியிருந்தால் இந்த வழி கிடையாது. 1980-களின் தொடர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் காலக்கெடு இப்போதுதான் ஓடுகிறது. அப்படி நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஏஜெண்ட் மூலம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

"காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவர்தானே?"

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. மூர் வாங்கிய காசுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு, பிற்பாடு மனம் மாறியவர் அல்ல. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. நிறுவனம் ஓராண்டு காலம் புத்தகத்தைப் பதிப்பில் வைத்திருக்காவிட்டால், உரிமை மூருக்கும் கிப்பன்ஸுக்கும் திரும்பிவிடும். 1986-ல் இது தாராளமான ஷரத்தாகவே தெரிந்தது. காமிக்ஸ் மாதாமாதம் வரும், கடையில் இருக்கும், அடுத்த மாதம் போய்விடும். சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றைத் தொகுத்துப் புத்தகக் கடையில் நிரந்தரமாக விற்பது அன்று வழக்கம் இல்லை. கொஞ்ச வருடம் போனால் பிள்ளை வீடு திரும்பிவிடும் என்று இருவரும் நம்பியதில் தவறு ஒன்றும் இல்லை.

1987-ல் பன்னிரண்டு இதழ்களும் ஒரே புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் இன்றுவரை பதிப்பில் இல்லாமல் போனதே இல்லை. புத்தகம் நன்றாக இருந்ததால், அதனாலேயே, அது எழுதியவரிடம் திரும்பவில்லை. சுமாராக எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். ஓர் ஒப்பந்தத்தில் இதைவிட வலிக்கும் ஒன்றை நான் படித்ததில்லை. இதில் நிறுவனம் எதையும் மீறவில்லை. எழுத்துப்படி நடந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று இரு தரப்பும் மனதில் வைத்திருந்தது இதுவல்ல என்பதும் உண்மை. 'விற்றவர்' என்று ஒரே சொல்லில் அவரை முடித்துவிடாதீர்கள். முன்கதைக்கும் தொடர்கதைக்கும் சம்மதித்தால் உரிமையைத் திருப்பித் தருவதாகப் பின்னாளில் கேட்டார்கள் என்றும், தான் மறுத்துவிட்டதாகவும் 2010-ல் மூரே சொன்னார்.

அவரே அடுத்தவர் பாத்திரங்களை எடுத்தவர் என்கிறீர்கள். ஆமாம், எடுத்தார். ஸ்வாம்ப் திங் என்ற காமிக்ஸ் பாத்திரம் லென் வீனும் பெர்னி ரைட்சனும் உருவாக்கியது. மூர் அதைத் தலைகீழாக மாற்றி எழுதினார். ஆனால் அந்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டதே ஆசிரியராக இருந்த லென் வீன்தான். ஸ்டோக்கர், வெர்ன் போன்றோரின் நாவல் மாந்தர்களை வைத்து அவர் எழுதிய தொடரில், அவற்றைப் படைத்தவர்கள் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பீட்டர் பேன் கதையின் வெண்டியை அவர் ஒரு புத்தகத்தில் பயன்படுத்தியபோது மட்டும் உண்மையான சிக்கல் வந்தது. லண்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிடம் அதன் உரிமை இருந்தது. 2007 கடைசியில் பதிப்புரிமைக் காலம் முடியும் வரை பிரிட்டனில் அந்தப் புத்தகம் வரவில்லை. இறந்தவர்களின் பாத்திரங்களைத் தொட்டவர், உயிரோடு இருப்பவரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்புக் கேட்பது இரட்டை வேடம் ஆகாது. இரண்டும் வேறு வேறு.

வாட்ச்மென் பிறந்ததே இப்படி ஒரு யோசனையில்தான். டிசி அப்போது சார்ல்டன் என்ற நிறுவனத்தின் நாயகர்களை வாங்கியிருந்தது. அந்த நாயகர்களை வைத்துத்தான் மூர் கதை சொல்ல விரும்பினார். இந்தக் கதைக்குப் பிறகு அந்த நாயகர்கள் வேறெதற்கும் ஆகமாட்டார்கள், புதிதாக உருவாக்குங்கள் என்றார் டிசியின் ஆசிரியர் டிக் ஜியார்டானோ. அவர் முன்பு சார்ல்டனில் ஆசிரியராக இருந்தவர். விலைக்கு வாங்கிய பாத்திரங்களை அன்று அப்படிக் காக்க முடிந்தது. அதே அக்கறையைத் தங்களுக்கென்றே எழுதிய புத்தகத்தின் மீதும் 2012-ல் காட்டியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அடுத்து, கூட வரைந்தவர் எதிர்க்கவில்லை என்பது. கிப்பன்ஸ் அப்போது வெளியிட்ட வார்த்தைகளைத் தேடிப் படியுங்கள். மூரும் நானும் சொல்ல விரும்பிய முழுக் கதை அந்த மூலத் தொடர்தான் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே புதியவர்களை வாழ்த்தினார். அதில் மரியாதை இருக்கிறது, பெருந்தன்மை இருக்கிறது. வாருங்கள் என்ற அழைப்பு இல்லை. உங்கள் தொடரின் ஓவியர் மௌனமாக இருக்கிறார் என்றால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதற்கு முன் அவருடைய ஒப்பந்தம் அவரைப் பேச விடுகிறதா என்றும் யோசியுங்கள்.

எல்லா முன்கதையும் ஒன்றல்ல

முன்கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேப்டன் டைகர் என்று நாம் சிவகாசி வெளியீடுகளில் படித்த ப்ளூபெர்ரியின் இளமைக் கதைகளைத் தொடங்கியவர்கள், அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய சார்லியேவும் ஜிரோவும்தான். பின்பு வேறு ஓவியரிடம் போனபோதும் சார்லியே தாமே எழுதினார். அவரவர் வீட்டுக்கு அவரவர் கட்டிய மாடி அது. மாதாமாதம் வரும் சாகச நாயகர்களின் கதையும் தனி. பல கைகள் மாறி வளரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

படைப்பாளி இறந்த பிறகும் கேள்வி மீதி இருக்கும். பெல்ஜியக் காமிக்ஸ் ஓவியர் ஃப்ராங்கின், தன் காஸ்டன் பாத்திரத்தைத் தனக்குப் பிறகு யாரும் வரைய வேண்டாம் என்று விரும்பியவர். 1997-ல் இறந்தார். 2022-ல் பதிப்பகம் புதிய ஆல்பம் அறிவித்தபோது மகள் எதிர்த்தார். நடுவர் தீர்ப்பு 2023-ல் வந்தது: புதிய ஆல்பம் கொண்டுவரும் உரிமை பதிப்பகத்துக்கு உண்டு, ஆனால் மகளிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டே ஆல்பம் வந்தது. டின்டின் விஷயத்தில், அதை உருவாக்கிய எர்ஜேயின் விருப்பத்தை அவர் குடும்பத்தார் மதித்தார்கள். 1983-ல் அவர் போன பிறகு, முடிக்காமல் விட்டுச் சென்ற ஒன்றை அப்படியே வெளியிட்டதைத் தவிர, புதிய டின்டின் ஆல்பம் இல்லை.

வாட்ச்மென் இந்த எதிலும் சேராது. அது கட்டி முடித்த வீடு. ஐந்தாம் இதழை எடுத்துப் பாருங்கள், ஓவியர் என்ற முறையில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும், இப்படியே நடுப்பக்கம் வரை கட்டங்கள் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றையொன்று எதிரொலிக்கும். நான்காம் இதழில் டாக்டர் மன்ஹாட்டன் என்ற நாயகனின் வாழ்க்கை முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. காமெடியன் என்ற இன்னொரு நாயகனின் பழைய வாழ்க்கை அவன் கல்லறை அருகே நிற்பவர்களின் நினைவுகளில் துண்டு துண்டாக வருகிறது. இதழ்களின் கடைசியில் சேர்த்திருக்கும் சுயசரிதைப் பக்கங்கள் 1940-களைச் சொல்கின்றன. இந்தக் கதையின் முன்கதை ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது. எவ்வளவு சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். முகமூடிக்குள் இருந்த ஒருவன் யார் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லாதது மறதியால் அல்ல. அந்த இடைவெளிகளை நிரப்புவது, கோலத்தின் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தையும் மாவால் மூடுவதைப் போன்றது.

2012 வரிசையில் டார்வின் குக் வரைந்த பகுதி எனக்கும் பிடித்திருந்தது. அந்தக் கோடுகளை வெறுக்க முடியாது. அவரும் முதலில் மறுத்து, பிறகு ஒப்புக்கொண்டவர்தான். லென் வீனும் எழுதினார். மூலத்துக்கு வண்ணம் தீட்டிய ஜான் ஹிக்கின்ஸும் பங்கேற்றார். இவர்கள் யாரையும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு பக்கம், கிறிஸ் ராபர்சன் என்ற எழுத்தாளர், படைப்பாளிகளை நிறுவனம் நடத்தும் விதம் பிடிக்கவில்லை என்று சொல்லி அந்த ஆண்டே டிசிக்கு எழுதுவதை நிறுத்தினார். ஆக, அவரவர் நிலைமையில் இருந்து இரண்டு முடிவுகளும் எடுக்க முடிந்தது.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். தொடக்கமும் முடிவும் உள்ள, நிறைவு பெற்ற ஒரு கதை. அதை எழுதியவர் உயிரோடு இருந்து வேண்டாம் என்கிறார். இந்த இரண்டும் சேர்ந்தால் அதைத் தொடக் கூடாது. சட்டம் அனுமதித்தாலும். உங்கள் தொடர் அப்படி நிறைவு பெற்ற கதையா, அல்லது நீண்டுகொண்டே போகும் சாகச வரிசையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது வகை என்றால் என் ஆட்சேபம் பாதியாகக் குறைகிறது. 'நான் மறுத்தால் இன்னொருவர் வரைவார்' என்பது உண்மை. ஆனால் அது அந்தப் புத்தகம் வருமா வராதா என்பதற்கான பதில். உங்கள் பெயர் அட்டையில் இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கை ஓடவில்லை என்று நீங்கள் எழுதியது அந்தக் கேள்விக்கு.

வேலையை ஏற்பதாக இருந்தால்

வீட்டுக் கடனும் குழந்தையும் சின்ன விஷயங்கள் இல்லை. ஏற்றால் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

மூலப் படைப்பாளி வழக்குப் போட்டால் அதன் செலவும் இழப்பும் நிறுவனத்தையே சேரும், ஓவியரைச் சேராது என்று எழுதச் சொல்லுங்கள். இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வழக்கமான ஒப்பந்தங்களில் இது தலைகீழாக, நீங்கள் நிறுவனத்தைக் காப்பதாக இருக்கும். பாதியில் திட்டத்தைக் கைவிட்டால் முடித்த பக்கங்களுக்கு முழுப் பணம், தொடங்கிய பக்கங்களுக்குப் பாதி என்று வேண்டும். எதிர்ப்பு வலுத்தால் திட்டங்கள் நின்றுவிடுவது உண்டு. கையால் வரைந்த மூல ஓவியங்கள் உங்களுக்கே திரும்ப வேண்டும். விளம்பரப் பேட்டிகளில் மூல எழுத்தாளரைப் பற்றிப் பேச உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் ஓவியர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அறிவிப்பு வந்த அன்று கேள்விகள் எல்லாம் வரைந்தவரை நோக்கித்தான் வரும்.

அப்புறம், அந்தப் பக்கங்கள் எல்லாம் கூலிக்குச் செய்த வேலை என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் அதில் உருவாக்கும் புதிய பாத்திரங்களும் அவர்களுடையவை. நாளைக்கு அவற்றுக்கு ஒரு முன்கதை வந்தால் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கதை

இப்போது அந்த மூன்று பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் நகலெடுத்து அனுப்பிய இரண்டாவது ஷரத்து: 'இப்படைப்பின் அனைத்து உரிமைகளும், இன்றுள்ள, இனி வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக.' மூர் கையெழுத்துப் போட்டதைவிட இது மோசம். அவருக்காவது உரிமை திரும்புவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உங்கள் நான்கு பாகக் கதையில் வரும் பூசாரியின் மகளுக்கு, அவள் சிறுமியாக இருந்தபோது என்ன நடந்தது என்று இன்னொருவர் எழுதி, இன்னொருவர் வரைந்து, நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அது கடைக்கு வரலாம். முன்பின் தெரியாத ஒரு முதிய எழுத்தாளருக்காக உங்கள் கை தயங்குகிறது. உங்களுக்காகவும் கொஞ்சம் தயங்குங்கள்.

'நிரந்தரமாக' என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். நம் சட்டத்தில் பிரிவு 19 படைப்பாளிக்கு ஆதரவாகவே நிற்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். பகுதி எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே நிற்கும். சட்டம் உங்களுக்குக் கொடுப்பதை உங்கள் கையெழுத்தே திருப்பிக் கொடுத்துவிடும். உங்கள் மூன்று பக்கம் அதைத்தான் செய்கிறது.

தமிழில் புத்தகமாக அச்சிடும் உரிமையை மட்டும், ஏழு அல்லது பத்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, சினிமா, வெப் சீரிஸ், பொம்மைகள் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்; யாராவது கேட்டால் தனியாகப் பேசலாம். தொடர்கதை, முன்கதை, கிளைக்கதை எதுவானாலும் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கூடாது என்று ஒரு தனி வரி வேண்டும். பாத்திரங்களின் பெயரும் தோற்றமும் உங்களுடையவை என்று இன்னொரு வரி. பாத்திரத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறது: நாகராஜ் என்ற புகழ்பெற்ற இந்தி காமிக்ஸ் நாயகனைப் போலவே நாகேஷ் என்று ஒன்றை இன்னொரு நிறுவனம் கொண்டுவந்தபோது, 1990-களில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வழக்கில் போராடியவை இரண்டும் பதிப்பகங்கள் என்பதையும் கவனியுங்கள்.

'பதிப்பில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்' என்று அவர்களே எழுதித் தரலாம். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு ஒரு மின்னூல் கோப்பு இணையத்தில் கிடந்தால் போதும், புத்தகம் பதிப்பில் இருப்பதாகச் சொல்லிவிடலாம். பத்துப் பிரதி கேட்டால் பத்து மட்டும் அச்சடிக்கும் வசதியும் வந்துவிட்டது. எண்ணிக்கை வையுங்கள்: தொடர்ந்து இரண்டு அரையாண்டுக் கணக்குகளில் அச்சுப் பிரதி இன்ன எண்ணிக்கைக்குக் கீழே விற்றால், 60 நாள் நோட்டீஸில் உரிமை என்னிடம் திரும்பும் என்று. நன்றாக விற்றால்? அதற்கும் பதில் இருக்க வேண்டும். காலக்கெடு முடிந்ததும், எவ்வளவு விற்றாலும், புதிதாக உட்கார்ந்து பேச வேண்டும். மூரின் ஷரத்தில் இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்.

முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவீர்கள். என் அனுபவத்தில், மரியாதையாக, ஒரே கடிதத்தில், காரணத்தோடு கேட்டால் சிறு பதிப்பகங்கள் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கின்றன. பல நேரம் அந்த மூன்று பக்கம் அவர்கள் வேறு எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்ட படிவமாகத்தான் இருக்கும். 'ஐயா, கதையை உங்களிடம் கொடுக்க விருப்பம்தான். காலமும் முன்கதை உரிமையும் பற்றிய இரண்டு வரிகளை மட்டும் மாற்றித் தாருங்கள்' என்று இந்த வாரமே எழுதுங்கள். பதில் வரும்வரை கோப்புகளை அனுப்ப வேண்டாம். திருத்திய ஒப்பந்தம் வந்ததும், கோவையிலேயே பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் ஒருவரிடம் நேரில் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏஜெண்டிடம் முன்கதை வேலைக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் அவகாசம் கேளுங்கள், கொடுப்பார். அந்தப் பத்து நாளில் மூலத் தொடரை ஒரு முறை முதலில் இருந்து முழுதாகப் படியுங்கள்.